சாலம்மாளின் வழியில்லாத நிலம்

சாலம்மாளும் அவள் கணவன் பாவாடையும் வடக்கனந்தலுக்கு மேற்கே ஒரு ஏக்கர் பத்து சென்ட் நிலம் வாங்கியது தொண்ணூற்று மூன்றாம் வருடம் சித்திரையில். அதுவரை இருவரும் ஊரார் கரும்பை வெட்டிப் பிழைத்தவர்கள். ஆறு வருடக் கூலியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. விற்றவர் அவர்களைத் தார்ச்சாலையிலிருந்து, அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த கழனிகளின் குறுக்கே நேராக நடத்திக்கொண்டு போய் நிலத்தைக் காட்டினார். மண் நன்றாக இருந்தது. இருபத்தைந்து அடியில் தண்ணீர் இருக்கிறது என்றார். அதுவும் பொய்யில்லை.

ஆடியில் மழை பெய்து, அந்தக் கழனிகளில் நடவு நட்ட பிறகுதான் தங்கள் நிலத்துக்குப் போக வழியே இல்லை என்று தெரிந்தது. நாலு பக்கமும் அடுத்தவர் நிலம். வி.ஏ.ஓ. புலப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “உங்க நெலத்துக்குப் பாதை கெடையாதுப்பா. படத்துலயே இல்ல” என்று சொல்லிவிட்டார்.

சாலைக்கும் இவர்கள் நிலத்துக்கும் நடுவில் இருந்த கழனிகள் நூர் முகமதுவுடையவை. கள்ளக்குறிச்சியில் இரும்புக் கடை வைத்திருந்தவர். அவருடைய வடக்கு வரப்பில்தான் சாலம்மாளும் பாவாடையும் போய் வந்தார்கள். ஒன்றரை அடி அகலம். எருவானாலும் உரமானாலும் தலைச்சுமைதான். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினால் மூட்டை மூட்டையாக அந்த வரப்பிலேயே சாலைக்குச் சுமந்தார்கள். ஊரில் எல்லாரும் டிராக்டர் ஓட்டிய காலத்தில் இவர்கள் மண்வெட்டியால் கொத்தினார்கள். நூர் முகமது போகாதே என்றும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. அவரிடம் போய்க் கேட்க இவர்களுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால் இருக்கிற வரப்பும் இல்லாமல் போய்விடுமே என்ற பயம்.

பாவாடை காமாலையில் இறந்து மூன்று வருடம் கழித்து, சாலம்மாளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. சங்கராபுரத்தில் தையல் கடை வைத்திருந்த மகள் கண்ணகி, “வித்துட்டு எங்கூட வந்துடும்மா” என்றாள். கண்ணகியின் வீடும் சுவர் எழும்பி, கூரை போடாமல் நின்றிருந்தது. விற்றுவிடலாம் என்று சாலம்மாள் முடிவு செய்தாள்.

தரகர் தெய்வசிகாமணி மூன்று பேரைக் கூட்டிவந்தார். மூவரும் கேட்டது ஒன்றுதான்: “வண்டி வருமா?” இல்லை என்றதும் இருவர் அப்படியே திரும்பினார்கள். ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார்.

“அறுப்பு முடியட்டும் சாலம்மா. பாய் கழனி காஞ்சதும் நான் கார நேரா உள்ள வுட்டுக் காட்டறேன். வழியப் பத்தி நீ வாயே தொறக்காத” என்றார் தெய்வசிகாமணி.

பங்குனியில் அவர் கல்வராயன் மலையிலிருந்து ஒரு கணவன் மனைவியைக் காரில் கூட்டிவந்தார். கணவன் இருசப்பன், மனைவி ஆண்டாள். பன்னிரண்டு வருடம் குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்து பணம் சேர்த்திருந்தார்கள். கார் காய்ந்த கழனியில் ஓடி, சாலம்மாளின் நிலத்தில் வந்து நின்றது. ஆண்டாள் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து உள்ளங்கையில் பொடித்துப் பார்த்தாள். “ஏங்க, இங்க ஒரு எலுமிச்ச வெக்கலாம்” என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். இருசப்பன் அன்றைக்கே முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தான்.

சாலம்மாளால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாங்க வந்த அன்று நாமும் இதே இடத்தில் இப்படித்தான் நின்றோம் என்று நினைத்தாள்.

“ஏம்மா, நீங்க வந்தது வழி இல்ல. அது பாய் கழனி. ஆடில நட்டுடுவாங்க. அப்புறம் அதோ, அந்த வரப்புதான். அதுவும் நம்மளுது இல்ல” என்றாள்.

தெய்வசிகாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆண்டாள்தான் கேட்டாள்: “தெரிஞ்சேவா நீங்க வாங்கனீங்க அக்கா?”

“எங்களுக்கு யாரும் சொல்லல.”

அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். தெய்வசிகாமணி அதன் பிறகு போனை எடுக்கவில்லை. கண்ணகியும் கோபித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னதில் சாலம்மாளுக்கு வருத்தமில்லை. ஆனால் நிலம் இனி விலை போகாது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

நாலாம் நாள் காலை ஆண்டாள் மட்டும் பஸ் பிடித்து வந்து இறங்கினாள்.

“மண்ணு எனக்குப் புடிச்சிப் போச்சிக்கா. அந்த பாய் வூட்ல வழி கேட்டுப் பாக்கலாம் வாங்க.”

“கேட்டா இருக்கறதும் பூடும்மா.”

“உங்களுக்குத்தானே பூடும்? என்கிட்ட பூடறதுக்கு இன்னா இருக்குது? நான் கேக்கறேன்.”

சாலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். நூர் முகமது முந்தைய வருடமே காலமாகியிருந்தார். கடையில் அவர் மனைவி மெஹ்ராஜ் பேகமும் மகன் கவுஸ் பாஷாவும் இருந்தார்கள்.

“இன்னா சாலம்மா, மம்பட்டி வேணுமா?” என்றார் மெஹ்ராஜ் பேகம்.

ஆண்டாள்தான் விஷயத்தைச் சொன்னாள். பேகம் சாலம்மாளையே பார்த்தார்.

“இருவத்தாறு வருஷம் எங்க வரப்புல சொமந்துகினு போனியே, ஒரு வார்த்த கேட்டியா நீ?”

“பாய் வேணாம்னுட்டா நாங்க எங்கம்மா போவோம்?”

பேகம் சொன்னார்: “அந்த வரப்பக் கழிச்சி ஒரு சால் ஜாஸ்தி ஓட்டலாம்னு ஆளுங்க ரெண்டு வாட்டி சொன்னாங்க. அதுல மனுஷங்க நடக்கறாங்க, கை வெக்காதீங்கன்னு அவரு தடுத்துட்டாரு. அதுக்கு மேல செய்யணும்னு அவருக்கும் தோணல, எனக்கும் தோணல.”

சாலம்மாளுக்கு அப்போதுதான் அது தெரிந்தது. தன் காலடியில் இருந்த மண்ணை ஒருவர் இத்தனை வருடம் சொல்லாமலே காத்து வந்திருக்கிறார். கடையிலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கவுஸ் பாஷா ஒத்துக்கொள்ளவில்லை. “பத்தடி வுட்டா ரோட்டோரமா அஞ்சு சென்ட் பூடும்மா” என்றார். “அவ நெலத்துல நம்ம பக்கமா அஞ்சு சென்ட் எடுத்துக்கடா. நெலத்துக்கு நெலம்” என்றார் பேகம். சாலம்மாள் உடனே தலையாட்டினாள். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்த கவுஸ் பாஷா, சர்வேயர் அளக்க வந்த அன்று தானே முன்னால் நின்று கல் நட்டார். “வளைவுல பத்தடி பத்தாது, டிராக்டர் திரும்பாது” என்று அந்த இடத்தில் மட்டும் இரண்டடி கூடவும் விட்டார். பரிவர்த்தனைப் பத்திரம் பதிவானது. பாதை பத்திரத்தில் ஏறியது.

அன்று பத்திர ஆபீஸை விட்டு வெளியே வந்ததும், நூர் முகமதுவை அடக்கம் செய்த இடம் எது என்று சாலம்மாள் கேட்டாள். கவுஸ் பாஷா கூட்டிப் போனார். மதில் சுவருக்கு வெளியே நின்று அவள் கைகூப்பினாள். “பாய், நான் சாலம்மா” என்று மட்டும் சொன்னாள்.

வழி வந்துவிட்ட சேதி கேட்டுத் தெய்வசிகாமணி மறுபடி வந்தார். இருசப்பன் பேசியதைவிட அதிக விலைக்கு ஒரு ஆள் இருப்பதாகச் சொன்னார்.

“வழி கேக்கணும்னு வந்து நின்னது அந்தப் பொண்ணு. நெலம் அவளுக்குத்தான்” என்றாள் சாலம்மாள். இருசப்பனும் பாதை வந்ததை நினைத்து, பழைய விலைக்கு மேல் தானாகவே கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தான்.

அந்தப் பணத்தில் கூரை போட்டு, ஆவணியில் கண்ணகியின் வீட்டில் பால் காய்ச்சினார்கள். மெஹ்ராஜ் பேகம் மகனோடு ஆட்டோவில் வந்தார். இருசப்பனும் ஆண்டாளும் ஒரு சாக்கு சாமை அரிசியோடு பஸ்ஸில் வந்தார்கள். நாலு பேரையும் புதுத் தரையில் உட்கார வைத்து இலை போட்டாள் கண்ணகி. முட்டி வலியைப் பார்க்காமல் சாலம்மாளே குனிந்து குனிந்து பரிமாறினாள்.

“நீ ஒக்காரு சாலம்மா, ஒம் பொண்ணு போடும்” என்றார் பேகம்.

“இல்லம்மா, நீங்க சாப்புடுங்க” என்று சொல்லி, அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.