லின் மேய் லதாவான கதை

ஸ்டெல்லாவைக் கதைத் திருடி என்று ஊர் பேசியதற்குக் காரணம் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஏனாத்தூர் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பெண், தலையணை கனத்தில் ஒரு புத்தகம் வைத்திருந்தாள்.

“என்னம்மா, பாடமா?”

“இல்ல தாத்தா, சைனா சயின்ஸ் ஃபிக்‌ஷன். எங்க ஹாஸ்டலே படிச்சிக்கினு இருக்குது. யாரு வில்லன்னு தினம் சண்டை. சைனாவுலயும் ஆன்லைன்ல இதே சண்டைதானாம்!”

புதுத்தாளின் மை வாசனை அடித்தது. அதே வாசனையில் எங்கள் பழைய பத்திரிகை ஞாபகம் வந்தது. சைக்ளோஸ்டைல் எடுத்து, கையால் தைத்து, ஊருக்குள் விற்றோம். கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய நான்தான் ஆசிரியர். பெரிய ஆசிரியர் என்ற நினைப்பு வேறு.

முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் பள்ளி ஆசிரியை ஸ்டெல்லா, சீன அறிவியல் கதை ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழில் எழுதிக்கொண்டுவந்தார். நிலா மெல்ல விலகிப்போகிறது. அதனால் கடலேற்றம் குறைந்துபோன துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிறாள் லின் மேய். நிலாவை இழுத்துப் பிடிக்க ஊரே ஷிப்டு போட்டு உழைக்கிறது. பலன் கொள்ளுப்பேரன்களுக்குத்தான். தனி வீரன் என்று யாரும் கிடையாது. வானத்தை அவ்வளவு பெரிதாகவும் மனிதரை இவ்வளவு பக்கத்திலும் வைத்து எழுத முடியுமா என்று அன்று வியந்தேன். இன்றும் அந்த வியப்பு போகவில்லை.

ஆனாலும் என் கை சும்மா இருக்கவில்லை.

“சீனப் பேரெல்லாம் நம்ம ஜனங்க வாயில நுழையாதும்மா.”

“சைனா பட்டு நூலு தினம் நம்மூரு தறியில ஏறுது. பேரு மட்டும் வாயில ஏறாதாண்ணா?” என்று ஸ்டெல்லா சிரித்தார்.

நான் கேட்கவில்லை. லின் மேயை லதாவாக்கினேன். துறைமுகத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். நிலாத் திருவிழாப் பலகாரத்தைக் கொழுக்கட்டை ஆக்கினேன். இவ்வளவுக்கும் பிறகு ‘சீனக் கதை’ என்ற வரி கண்ணை உறுத்தியது; அதையும் எடுத்துவிட்டேன். கதைக்கு மேலே ஸ்டெல்லாவின் பெயர் மட்டும் நின்றது.

இதழ் வெளிவந்த அடுத்த சனிக்கிழமை வாசகர் கூட்டத்தில், ஆங்கிலத்தில் அந்தக் கதையைப் படித்திருந்த ஒருவர் எழுந்தார்.

“இது சைனாக்காரன் கதைப்பா. இந்தம்மா சுட்டுட்டு தன் பேரைப் போட்டுக்கினாங்க.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. எழுதவும் இல்லை.

பேருந்துப் பயணம் முடிந்து வீட்டுக்குப் போனதும், பரணிலிருந்து அவருடைய கைப்பிரதியைத் தேடி எடுத்தேன். ஒரு சொல்லும் மாற்றாமல் சிறு நூலாக அச்சிட்டேன். மாற்றியவன் நான், அவர் திருடவில்லை என்று முன்னுரையில் எழுதினேன். சில பிரதிகள் அந்தப் பேருந்துப் பெண்ணின் ஹாஸ்டலுக்குப் போயின. லின் மேய் பெயரில் யாருக்கும் நாக்கு சுளுக்கவில்லை.

முதல் பிரதியோடு முசரவாக்கம் போனேன். ஸ்டெல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். லின் மேய் வந்த இடத்தில் விரல் நின்றது.

“பேரு சரியா இருக்குது.”

பிறகு முன்னுரையைப் படித்தார்.

“அன்னிக்கு அந்தக் கூட்டத்துல எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், சார்.”

பத்திரிகை நின்றுபோய்விட்டது. கூட்டம் நடந்த மாடியில் இப்போது செல்போன் கடை. ஸ்டெல்லா காபி கொடுத்தார், பேருந்து ஏறும்வரை கூட நின்றார், பத்திரமாகப் போகச் சொன்னார். எல்லாவற்றிலும் ‘சார்’தான். அந்தப் பழைய ‘அண்ணா’ வரவில்லை.