டாக்டர் அழிக்கச் சொன்ன புருவம்

என் புருவம் இரண்டும் ஓரத்தில் உதிர்ந்துவிட்டன. வயசு என்று நினைத்துத் தினமும் பென்சிலால் வரைந்துகொள்வேன். வரையாத முகத்தை என் மருமகள்கூடப் பார்த்ததில்லை. ஓயாத அசதி, உடம்பெல்லாம் குளிர் என்று பாலிங் டவுனில் இருக்கும் கிளினிக்குக்குப் போனபோதும் வரைந்துகொண்டுதான் போனேன்.

சின்ன வயது டாக்டர் என் முகத்தையே பார்த்தாள். “அம்மா, புருவத்துல இருக்கற மைய தொடச்சிக் காட்டுங்க.”

“அதெல்லாம் முடியாதுலா. நான் அசதிக்கு மருந்து வாங்க வந்தேன்.”

“அதுக்குத்தாம்மா கேக்கறேன். முடி எங்க கொட்டியிருக்குன்னு பாக்கணும்.”

துடைத்தேன். ஓரம் கொட்டியிருப்பதைப் பார்த்து அவள் ரத்தம் எடுத்ததில், தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரக்கிறது என்று தெரிந்தது. இன்னும் விட்டிருந்தால் இருதயத்தைப் பாதித்திருக்குமாம்.

மாத்திரையில் மெல்ல அசதி போனது. புருவமும் பூனைமுடிபோல முளைத்தது. தொண்டைக்குள் இருக்கும் ஒன்று நெற்றிக்குக் கீழே முடி வளர்க்கிறதே என்று கண்ணாடி முன்னால் நின்றுவிடுகிறேன்.

கோயிலுக்கு இப்போதும் வரைந்துதான் போவேன். டாக்டரிடம் மட்டும் முகம் கழுவிவிட்டுப் போகிறேன்.