கேதாரத்து வாசலில் பாலேஸ்வரி ரீச்சர்

ரிட்டயர் ஆன நாளிலிருந்து பண்டத்தரிப்புப் பாலேஸ்வரி ரீச்சரின் கால் வீட்டில் நின்றதில்லை. காசி, நேபாளம், கம்போடியா என்று எந்த யாத்திரைக்குப் பெயர் கேட்டாலும் முதல் ஆள் அவர்தான். “ரீச்சர் குடுத்து வைச்சவ, உலகம் சுத்துறா” என்று ஊர் சொல்லும். என்னத்தைக் கொடுத்து வைத்தார்! வருகிறவர்கள் எல்லோரும் சோடி சோடியாக வருவார்கள். தங்களைப் படம் எடுத்துத் தர ஆள் வேண்டும்போதுதான் அவர்களுக்கு ரீச்சரின் ஞாபகம் வரும்.

கேதாரம் மட்டும் தள்ளித் தள்ளிப் போயிற்று. நாற்பது வருடம் கேதாரகௌரி விரதம் பிடித்துக் காப்புக் கட்டிய கை அது. முதலில் நல்ல மாப்பிள்ளை வேண்டிப் பிடித்தார், பிறகு பழக்கத்துக்குப் பிடித்தார். அறுபத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் நோ. இந்த முறை தவறினால் இனி இல்லை என்று அவருக்கே தெரியும்.

இரண்டு நாள் வளைந்து வளைந்து ஓடிய பஸ், பிறகு குதிரை. பின்னேரம் மலையுச்சி விடுதியில் போய் இறங்கியபோது விரல்கள் விறைத்துப் போயிருந்தன. மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போக, ரீச்சரின் போன் அடித்தது. கனடாவிலிருந்து ஆரணி, தமையன் பரமலிங்கத்தின் மகள்.

“மாமி… அப்பா மோசம் போயிட்டார்.”

ரீச்சர் “ம்” என்றார். ஆரணி அழுது முடியும்வரை கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

முப்பத்துமூன்று வருடத்துக்கு முதல் ரீச்சருக்கு மானிப்பாயில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரீச்சருக்கு மனம் நிறைந்த விருப்பம். தமையன்தான் மாப்பிள்ளையின் தாய்ப்பகுதி சரியில்லையென்று குழப்பிவிட்டு, அடுத்த வருடமே கனடாவுக்குப் பறந்தார். அன்றோடு தமையனோடு பேச்சு நின்றது. யாராவது கேட்டால் கூடப்பிறந்தவர் ஒருவரும் இல்லை என்றுதான் ரீச்சர் சொல்வார்.

இப்போது துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசற்படி மிதிக்கக் கூடாது. கலியாணம் கட்டி வேறு குடும்பத்துக்குப் போயிருந்தால் துடக்கு இரண்டு மூன்று நாளோடு போயிருக்கும். கட்டவிடாமல் பண்ணிய மனிதர், செத்தும் முழுத் துடக்கையும் இவர் தலையில் கட்டிவிட்டாரே! ‘எனக்கு ஆர் அண்ணை? எனக்கென்ன துடக்கு?’ என்று ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்காவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது.

விடிய எல்லோருடனும் முழுகி, வரிசையில் நின்றார். முன்னுக்கு, யாத்திரைக்குக் கூட வந்த பத்மாவதி, அவவின் புருசன். வரிசை நகர்ந்தது. இன்னும் பத்துப் பேர். இன்னும் நாலு பேர். உள்ளே விளக்குத் தெரிந்தது. ரீச்சரின் கால் ஏறவில்லை. வரிசையை விட்டு விலகினார்.

“என்ன ரீச்சர், தலை சுத்துதோ?” என்றார் பத்மாவதி.

“இல்லை. எனக்குத் துடக்கு.”

“ஐயோ, ஆர்? உங்களுக்கு ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“இருந்தவர். என்ரை அண்ணை.”

பத்மாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினவர், கோயிலுக்கென்று முழுகிய உடம்பு நினைவுக்கு வர, கையைப் பாதியில் நிறுத்தினார். பாவம், அவவும் எத்தனை வருடம் காத்திருந்து வந்தவவோ.

“என்னைத் தொடாதேங்கோ. நீங்கள் போய்க் கும்பிட்டு வாங்கோ” என்றார் ரீச்சர்.

அவர்கள் உள்ளே போனார்கள். ரீச்சர் பனி ஈரம் காயாத கல்லொன்றில் இருந்தார். இருந்தவருக்கு நெஞ்சு வெடித்து வந்தது. “அண்ணை… என்ரை அண்ணை…” என்று வாய்விட்டுக் குழறி அழுதார். போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு நடந்தார்கள். அந்த மலையில் அந்தச் சொல் விளங்கக்கூடியவர்கள் எல்லோரும் கோயிலுக்குள் நின்றார்கள்.