திருத்தி அனுப்பிய ஒரே பிரதி

எண்பதுகளின் நடுவில் நான் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் என்ற ஊரில் ஓர் அறையில் இருந்தேன். காலையில் டேனிஷ் வகுப்பு, பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பனிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே பிடிப்பு, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நண்பனின் கடிதங்கள்தான்.

நாங்கள் இருவரும் எழுதுகிறவர்கள். ஊரில் இருந்தபோது ஒருவர் எழுதியதை மற்றவர் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பது வழக்கம். தயவு தாட்சண்யம் கிடையாது. ஒருமுறை என் கதையின் முதல் நாலு பக்கத்தையும் அவன் ஒரே கோட்டில் வெட்டிவிட்டான். ஒரு கிழமை நான் அவனோடு கதைக்கவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் அவனுடைய நாவல் தபாலில் வரத் தொடங்கியது. ஒவ்வோர் உறையிலும் பத்துப் பன்னிரண்டு தாள், நுணுக்கி எழுதியது. ஊரடங்குக்குள் மகளின் கலியாணத்தை நடத்தப் பாடுபடும் ஒரு தகப்பனின் கதை. முதல் உறையில் ஒரு துண்டு வைத்திருந்தான்: "மச்சான், இதை உன்னட்டை வைச்சிரு. இஞ்சை எந்த நேரமும் ஷெல் விழுது. வேறை பிரதி இல்லை."

வைச்சிரு என்றுதான் எழுதியிருந்தான். எழுதுகிறவன் கூச்சத்தில் அப்படித்தான் சொல்வான், உள்ளுக்குள் அபிப்பிராயத்துக்குத் தவம் கிடப்பான் என்று பெரிய மேதாவி மாதிரி நினைத்துக்கொண்டேன். சிவப்புப் பேனா வாங்கினேன். இரண்டு மாதம் வரிவரியாகத் திருத்தினேன். நான் அகதி என்பதே அப்போது மறந்துபோயிருந்தது. உண்மையில் டென்மார்க்கில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான்.

எல்லாத் தாளையும் பார்சலாகக் கட்டியபோது அறைத் தோழன் கேட்டான்.

"அண்ணை, போட்டோக்கொப்பி எடுத்து வைச்சிட்டியளோ?"

"அவன்ரை எழுத்து அவனட்டைத்தான் இருக்கவேணும்," என்றேன் வீறாப்பாக.

நூலகத்தில் போட்டோக்கொப்பி இயந்திரம் இருந்தது. அந்த வாசலைத் தாண்டித்தான் தபாற்கந்தோருக்குச் சைக்கிள் மிதித்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. "பார்சல் கிடைச்சது. ரெண்டு நாளா இருந்து வாசிச்சனான். உன்ரை திருத்தம் முக்கால்வாசி சரி. அடுத்த கிழமை ஷெல் விழுந்து வீடு எரிஞ்சுபோச்சு. எங்களுக்குக் காயம் ஒண்டுமில்லை. நாவலும் அதோடை எரிஞ்சிட்டுது. உனக்கு ஞாபகம் இருக்கிறதை எழுதி அனுப்பு மச்சான்."

ஒரு குறைகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தாளை விரித்து உட்கார்ந்தேன். தகப்பன் மணவறைச் சாமானைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் இடத்தில், 'நீளம், சுருக்கு' என்று ஓரத்தில் எழுதியது நினைவிருந்தது. எங்கெங்கே கோடு போட்டேன் என்பது அச்சொட்டாக நினைவிருந்தது. அவன் எழுதியிருந்த வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. முப்பது பக்கம் இட்டுக்கட்டி அனுப்பினேன்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா இது உன்ரை கதை," என்று பதில் எழுதினான்.

அதன் பிறகும் பல வருடம் கடிதம் போட்டான். அம்மாவின் சுகம், அரிசித் தட்டுப்பாடு, மழை எல்லாம் எழுதினான். கதை மட்டும் எழுதவில்லை.