வலது கன்னத்தில் தொடங்கும் தளபதி

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலையில் ஆட்களைக் கழுவிவிட்டுச் சவரம் செய்ய வேண்டும். ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம்.

கடைசி அறையில் ஒரு பெரியவர். இளமையில் சுவிஸ் குதிரைப்படையில் இருந்தவர். இப்போது கண் அநேகமாகத் தெரியாது. அந்தக் காலத்து அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி ஒருவர்மேல் அவருக்குப் பெரிய பற்று. தினமும் அந்தக் கதைதான்.

நான் வலது கன்னத்தை வழிக்கும்போது தொடங்குவார். தளபதி படைப்பள்ளியில் வகுப்பிலேயே கடைசி. ஆனால் இருபத்துமூன்று வயதில் தளபதி. கத்தி நாடிக்கு வரும்போது உள்நாட்டுப் போர் முடியும். சரணடைய வந்த எதிரிகள் வெள்ளைத் துவாயைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வந்தார்களாம். கழுத்துக்குப் போனால், படையில் சொல்லாமல் மனைவியைப் பார்க்கப் போனதற்குத் தளபதிக்கு ஒரு வருடம் வேலை இல்லை. இடது கன்னத்தில் புல்வெளிப் பழங்குடிகளோடு சண்டை. அதோடு என் நேரம் முடிந்துவிடும்.

எனக்கு டொச், இங்கத்தைய ஜெர்மன் மொழி, பாதிதான் விளங்கும். வயதானவர் பேசும்போது இடையில் மறித்துக் கேட்டுப் பழக்கமில்லை. எல்லாவற்றுக்கும் "யா, யா" என்பேன்.

ஒரு திங்கட்கிழமை, சமையலறையில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண் கூப்பிட்டாள்.

"அண்ணை, நோட்டீசிலை உங்கட பேர் கிடக்கு."

"என்னத்துக்கு?"

"வியாழக்கிழமை கடைசி அறைப் பெரியவர் அந்தத் தளபதியைப் பற்றிப் பேசுறாராம். நீங்கள் பக்கத்திலை இருந்து அவற்றை தாளை வாசிச்சுக் குடுக்கிறியளாம்."

"நான் படிச்சது ஆறாம் வகுப்பு. அதுவும் தமிழிலை."

"கேட்டிருப்பார். நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்களோ?"

"எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுறனான்."

"நல்ல காலம், கலியாணம் கட்டக் கேக்கேல்லை."

அடுத்த நாள் காலையில் பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். கோபிக்கவில்லை. போன வருடம் நடந்ததைச் சொன்னார். அப்போது தாள் இல்லாமல் பேசியிருக்கிறார். போர் முடியும் முன்னரே தளபதியைப் புல்வெளிக்கு அனுப்பிவிட்டார். படையில் கூட இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மகள் வந்து பாதியில் எழுப்பிக் கூட்டிப் போனாள். அந்த இரண்டு பேரும் இந்த முறையும் வருகிறார்கள்.

"இதிலும் குழம்பினால் இனிப் பேச மாட்டேன்," என்றார்.

எனக்கு வாசிக்க வராது, வரிசை தெரியும் என்றேன். அவருடைய வலது கன்னத்தைத் தொட்டேன். "இது பள்ளிக்கூடம்." நாடியைத் தொட்டேன். "இது துவாய்."

அவருக்கு உடனே விளங்கியது.

வியாழக்கிழமை அவர் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். முப்பது பேர் அளவில் வந்திருந்தார்கள். அந்த இரண்டு பேரும் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். பெரியவரின் பேச்சு இரண்டு தரம் நின்றது. முதல் தரம் நாடியைத் தொட்டேன். மற்றத் தரம் கழுத்தை. இரண்டு தரமும் கதையைப் பிடித்துக்கொண்டு போனார்.

இடது கன்னத்துக் கதையும் வந்தது. பனிக்காலம், விடியற்காலை, ஆற்றங்கரையில் நித்திரையாக இருந்த ஒரு பழங்குடிக் குடியிருப்பு. தளபதி படையின் வாத்தியக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு உள்ளே பாய்ந்தார். பெண்களும் பிள்ளைகளும் செத்தார்கள்.

பெரியவர் நிறுத்தினார். என் விரலுக்காகக் காத்திருந்தார்.

அதற்கு மேல் முகத்தில் இடம் இல்லை. மிச்சக் கதை எனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். நான் குனிந்து கேட்டேன்.

"பிறகு?"

"உங்களுக்கு நான் சொல்லவில்லையா?"

"இல்லை. அதற்குள் என் பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி மிச்சத்தைச் சொன்னார்.

ஒரு மேடு. எதிரில் இருந்த பழங்குடிக் கூட்டம் தளபதி நினைத்ததைவிடப் பெரிது. ஆட்கள் எச்சரித்தார்கள், அவர் கேட்கவில்லை. படையைப் பிரித்தார். ஒரே பின்னேரத்தில் அவரும் அவரோடு நின்றவர்களும் முடிந்தார்கள்.

இதை என்னிடம்தான் சொன்னார், ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, நான் விளங்கிக்கொள்ளும் டொச்சில். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஓர் இடத்திலும் குழம்பவில்லை.