ஆம்புலன்ஸ் வேண்டாம்

லிஃப்ட் மெக்கானிக் மனைவியோடு வெளிநாட்டில் குடியேறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கடையில் காய்கறி விலையை ஊர்க் காசில் கணக்குப் போட்டுப் பார்த்து, எடுத்ததைத் திரும்ப வைத்துவிடுவார். ஒருநாள் காலை மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். காலை ஊன்றவே முடியவில்லை. மனைவி பதறிப்போய்ப் போனை எடுத்தாள்.

“ஆம்புலன்ஸைக் கூப்பிடாதடி! ஏறினாலே ஒரு மாசச் சம்பளம் போச்சுன்னு கூட வேலை பாக்கறவர் சொன்னார்.”

“கால் பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கு, இப்பவும் காசா?”

“கால் போனா ஒத்தக்கால்ல நிப்பேன். பில்லு வந்தா ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

அவள் தோளைப் பிடித்து நொண்டியபடியே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பில் விரிசல். கட்டுப் போட்ட டாக்டர், செலவைக் கம்பெனிக் காப்பீடே பார்த்துக்கொள்ளும், ஆறு வாரம் வேலைக்கு மட்டும் போகக் கூடாது என்றார்.

“அந்த ஆறு வாரமும் சம்பளம் வருமா?”

“அதை உங்க கம்பெனியைத்தான் கேக்கணும்” என்றார் டாக்டர். மெக்கானிக் மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.