எந்தக் கருப்பையா?

தாத்தாவிடம் முழுப் பெயர். அப்பாவிடம் ஒற்றை எழுத்து. பேரப்பிள்ளையிடம் தேடினால் கிடைக்காது. அது என்ன?

பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் விடுகதை போட்ட காலத்தில் விடைக்கு அடுத்த ஞாயிறுவரை காக்க வைப்பேன். இப்போது அந்தக் கொடுமையைச் செய்வதில்லை. விடை, தாத்தாவின் பெயர். அது அப்பாவுக்கு முதலெழுத்தாகிறது. பிள்ளைக்கு அப்பாவின் பெயர் முதலெழுத்தாகும்போது தாத்தா காணாமல் போகிறார். ஓய்வுபெற்றபின் நான் பிடித்த தொழில், இப்படித் தொலைந்த தாத்தாக்களைத் தேடித் தருவது. ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தின் முன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெருகிய சொந்தம்

நானுஓயா செல்வராஜுக்குக் கத்தாரில் வேலை. அவருடைய கடவுச்சீட்டில் தகப்பன் பெயரான கருப்பையா, குடும்பப் பெயராக விழுந்துவிட்டது. அங்கே, பூர்வீகத் தேயிலைத் தோட்டமும் ஒன்றேயான இன்னொரு கருப்பையாவைச் சந்தித்தார். இருவரும் வாட்ஸ்அப்பில் ‘கருப்பையா குடும்பம்’ தொடங்க, லண்டன், கனடா, கொத்மலை என்று சித்தப்பாமார் வந்து குவிந்தார்கள். பிள்ளைகளுக்குத் தனிக் குழு. செல்வராஜின் பத்து வயது மகள் தர்ஷினி பள்ளி விட்டு வந்தால் அதிலேதான் இருப்பாள்.

அவளுக்குக் கடவுச்சீட்டு எடுக்கும் நேரம் வந்தது. புதுச் சொந்தங்களோடு கருப்பையா என்று போடுவோம் என்றார் தகப்பன். வழக்கப்படி செல்வராஜ் என்றே போடுவோம் என்றார் தாய் சாந்தி. வம்சம் உண்மைதானா என்று பார்க்க என்னைப் பிடித்தார்கள். சாந்தி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: “போன வருசம் வரைக்கும் இவருக்கு ஒரே ஒரு அண்ணன்தாங்க சேர். இப்ப கனடாவுல யாருக்குப் பொறந்தநாள்னாலும் நான் கேக் படம் அனுப்பணும்.”

அசல் வாரிசு

செல்வராஜின் பூர்வீகத் தோட்டம் மஸ்கெலியாப் பக்கம். அங்கே விசாரித்ததில் பழைய கருப்பையா ஒருவர் அகப்பட்டார். அந்நாளில் ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி அவர். அவருடைய சொந்தப் பேரன் ஹட்டனில் கடை வைத்திருக்கிறார். பெயர்ப்பலகையில் கருப்பையா இல்லை. ஏன் என்று கேட்டேன். “நாங்க அந்தப் பேர விட்டுட்டோங்க. அந்தப் பக்கம் யாரப் பார்த்தாலும் கருப்பையான்னா, யாருன்னு திரும்பிப் பாக்குறது?”

பெரட்டு

செல்வராஜின் அந்த ஒரே அண்ணன் முனியாண்டி, இன்னும் தோட்டத்தின் பழைய லய வீட்டில்தான் இருக்கிறார். “கங்காணி உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

“முறையா? எங்க அப்பா பேரு சின்னானுங்க. மொத நாள் பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கையில, புதுசா வந்த கிளாக்கரு ‘யாருப்பா நீ?’ன்னு கேட்டிருக்காரு. இவரு ‘கருப்பையா ஆளுங்க’ன்னாரு. கிளாக்கரு கருப்பையான்னு எழுதிட்டாரு. பின்னால நின்னவங்களும் அதையேதான் சொன்னாங்க. அன்னிக்கு ஒரு காலையில மட்டும் வரிசை நெறையக் கருப்பையா பொறந்தாங்க.”

“தம்பிக்கு இதைச் சொல்லவில்லையா?”

“அவன் குரூப்புல என்னைச் சேக்கலையே.”

கட்டம்

செல்வராஜுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அப்ப லண்டன் சித்தப்பா?” என்றார். சித்தப்பா இல்லை என்றேன். அப்படியானால் செல்வராஜ் என்றே போடச் சொல்லிவிட்டார். இப்போது சாந்தி மறுத்தார்: “இம்புட்டு நாளா சித்தப்பா, பெரியப்பான்னு கூப்புட்டுட்டு, இனி அந்தச் சனங்க மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?”

விண்ணப்பத்தை நிரப்ப நான் உட்கார்ந்திருந்தேன். எழுதப்போவது அவள் பெயர் என்பதால் தர்ஷினியைக் கேட்டேன். அவள் திருப்பி ஒன்று கேட்டாள்: “குரூப்புல இருக்குற மத்தப் பிள்ளைங்களும் பேர மாத்துறாங்களா சேர்?”

இல்லை என்றேன்.

வம்சம் பொய் என்று நான் நிரூபித்துக் கொடுத்த பிறகு, தர்ஷினி கருப்பையா என்று எழுதச் சொன்னாள்.